பதினொரு நாள் அடையாளங்கள்

பணம் மிச்சமாகும் என்பதால் என் கணவரைச் சுமையாகப் பதிவு செய்தோம்.

கல்யாணமாகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அவருடைய நண்பர் சேவியர் தாராபுரத்திலிருந்து விருந்துக்கு அழைத்திருந்தார். என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். கையில் இருந்த பணம் பெட்ரோலுக்கும் அரைக் கிலோ மைசூர்பாகுக்கும் சரியாக இருந்தது. மைசூர்பாகை முதலில் வாங்கிவிட்டோம்.

சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நிறுத்தினார்கள். கூண்டுக்குள் இருந்தவர் என் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"புதுசா?"

"ஆமா சார்."

"வண்டிக்கு இல்ல. புதுசுக்கு உண்டு."

பலகையைக் காட்டினார். கார், பேருந்து, லாரி, அதற்குக் கீழே புதுமணத் தம்பதி. லாரியைவிட அதிகம். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"ஒருத்தரைச் சுமையாப் போடுங்க. கிலோ கணக்குதான். எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார்.

"யாரைப் போடறது?"

"வண்டி ஓட்டாதவங்களை."

என் கணவரின் பெயர் நவநீதன். எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். தராசில் ஏறி நின்றார். அறுபத்திரண்டு கிலோ. இறங்கி, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். அறுபத்தொன்று. அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

சாக்குக்குள் இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் கோணி ஊசியால் சாக்கைத் தைத்தார்.

"மூச்சு விட முடியுதுங்களா?" என்று கேட்டேன்.

"முடியுதுங்க. நீங்க பார்த்து ஓட்டுங்க" என்றது சாக்கு.

நாங்கள் இன்னும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சுமை வேறு பாதையில் போகும் என்றார்கள். அடுத்த சாவடியில் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் தனியாக ஓட்டினேன். பத்து கிலோமீட்டர் கற்களில் தாராபுரம் 40 என்றே இருந்தது. பதினோராவது கல்லில் 12 என்று இருந்தது. அடுத்த சாவடி அங்கேதான் இருந்தது. நிறுத்தினேன்.

சுமை வழங்கும் இடம் ஒரு நடைக்கூடத்தின் கோடியில் இருந்தது. நான் நடந்தால் கூடம் நீண்டது. நின்றால் கவுண்டர் கொஞ்சம் கிட்டே வந்தது. ஆகவே நின்று நின்றே போய்ச் சேர்ந்தேன்.

கவுண்டரில் ஓர் அம்மா எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உத்தரம் வரை அலமாரிகள். தட்டுத் தட்டாகச் சாக்குகள். சில சாக்குகள் இருமின.

முதல் சாவடியில் கொடுத்த ரசீதை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"அடையாளம் சொல்லும்மா."

"நவநீதன்."

"பேரு எல்லாரும் சொல்லுவாங்க. அடையாளம்."

யோசித்தேன். "கதவைச் சத்தமில்லாமச் சாத்துவார். குளிச்சதும் துண்டை உதறிக் காயப்போடுவார். சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவர் விரலை நக்கினார். "ஏம்மா, இது எல்லாப் புது மாப்பிள்ளைக்கும் பொருந்தும். மேல் தட்டு முழுக்க இதேதான் இருக்கு. தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிட்டுக் கேளு."

சேவியருக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"எங்க வெடியையா கேக்கறே, தங்கச்சி?" என்றார் சேவியர். "வெடின்னுதான் கூப்பிடுவோம். அவன் சிரிச்சா ஹாஸ்டல் வாட்ச்மேன் எந்திரிச்சு வருவார். யார் தட்டுல சாப்பாடு இருந்தாலும் கை வைப்பான். பேச ஆரம்பிச்சான்னா நாமதான் எந்திரிச்சுப் போகணும். பதினாலு வருஷப் பழக்கம். இன்னும் சொல்லவா?"

எனக்கு மிகவும் அதிர்ச்சியாக இருந்தது. என் கணவர் பதினொரு நாளில் ஒருமுறைகூடச் சத்தமாகச் சிரித்ததில்லை.

அந்த அம்மா கையைக் கழுவிவிட்டு ஏணியில் ஏறினார். இரண்டு சாக்குகளை இறக்கிப் பிரித்தார். இரண்டிலிருந்தும் என் கணவர் வெளியே வந்தார்.

இருவருக்கும் அதே முகம். அதே சந்தன நிறச் சட்டை. இருவர் காலிலும் செருப்பு இல்லை. ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். இன்னொருவர் சட்டையில் ஒட்டிய நாரைத் தட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அலமாரிகள் அதிர்ந்தன.

"எலுமிச்சை சாதமாக்கா? ஒரு வாய் குடுங்க" என்றார் சிரித்தவர். அந்த அம்மா டப்பாவையே கொடுத்துவிட்டார்.

"ரெண்டுமே பொருந்துது. ஒண்ணுக்குத்தான் கையெழுத்து" என்றார் என்னிடம்.

"ரெண்டும் அவர்தானே?"

"அது எங்க வேலை இல்ல. ஒரு பேர்ல ஒரு ஆள்தான் வெளிய இருக்கலாம். இன்னொண்ணை, அடையாளம் சொன்ன அந்தத் தம்பி வந்து வாங்கிக்கலாம். அவர் கையெழுத்துப் போட்ட நிமிஷம், நீ கூட்டிட்டுப் போனது தானா இங்க வந்துடும்."

நான் சிரித்தவரைப் பார்த்தேன். அவரும் சோற்றை மென்றபடி என்னைப் பார்த்தார். ரொம்ப அன்பாகத்தான் பார்த்தார்.

"வெயில் ஏறுது, தங்கச்சி. சீக்கிரம் கையெழுத்துப் போடு" என்றார்.

தங்கச்சி என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. பேசாமல் நின்றவருக்குக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் செருப்பைக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ்ங்க" என்றார்.

சேவியரின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் அவர் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு கைகளை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"இது யாரு?" என்றார்.

"உங்க நண்பர்ண்ணா."

சேவியர் சுற்றி வந்து பார்த்தார். "மூஞ்சி அவன்தான்." பிறகு காதோரம் குனிந்து ஏதோ பழைய கேலி ஒன்றைச் சொன்னார். என் கணவர் மரியாதையாகப் புன்னகைத்தார். சேவியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு உங்களைத் தெரியாதுங்க" என்றார் என் கணவரிடம்.

கவுண்டரில் நடந்ததை முழுவதும் சொன்னேன். எனக்கு மறைக்க வராது. சேவியர் பைக் சாவியை எடுத்தார்.

"அவன் பசியோட இருப்பான்."

"எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்."

"அது அவனுக்கு எந்த மூலைக்கு."

"அண்ணா, நீங்க கையெழுத்துப் போட்டா இவர் போயிடுவார்."

"பதினாலு வருஷம், தங்கச்சி."

"எனக்குப் பதினொரு நாள்ண்ணா."

இரண்டையும் அவர் மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பது தெரிந்தது. பிறகு படியிறங்கிவிட்டார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

சேவியரின் மனைவி அமலி இலை போட்டார். "நீங்க உட்காருங்க. அவர் போனா போனதுதான், சொன்னா கேக்க மாட்டார்" என்றார். சோறு பரிமாறினார். என் கணவர் வேகவேகமாகச் சாப்பிட்டார். அப்படி அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"மெதுவாங்க."

"நேரமில்லைங்க" என்றார். சோற்றை விழுங்கினார். "எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது."

பதினொரு நாளில் ஆறு நாள் வெண்டைக்காய் சமைத்திருந்தேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

"ஏங்க சொல்லல?"

"நீங்க ஆசையா வெட்டினீங்க."

அமலி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பாலத்தைத் தாண்டியிருப்பார்" என்றார்.

"நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க" என்றார் என் கணவர். "முத நாளு எலின்னு நினைச்சேன். கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டாம் நாளும் பார்த்தேன். மூணாம் நாள்தான் கண்டுபிடிச்சேன். இப்ப அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருது."

யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. எனக்கு இருபத்தாறு வயதாகிறது.

"இன்னும் சொல்லுங்க" என்றேன்.

"மணவறையில எனக்குக் கால் நடுங்குச்சு. உங்க மாமா கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் மோதிரம் போடத்தான் பிடிக்கிறேன்னு நினைச்சுப் போட்டுவிட்டார்."

"இப்ப சாவடிகிட்ட வண்டியை நிறுத்தியிருப்பார்" என்றார் அமலி. ரசத்தை ஊற்றினார்.

என் கணவரின் சட்டைக் கையில் ஒரு சணல் நார் தெரிந்தது. பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு நார் தெரிந்தன. அவற்றையும் இழுத்தேன்.

"அங்க ஒரு கூடம் இருக்கு. நடந்தா நீளும், நின்னாத்தான் கவுண்டர் கிட்ட வரும். அண்ணன் நிக்கவே மாட்டார்தானே?" என்று அமலியிடம் கேட்டேன்.

"எங்கயும் நிக்க மாட்டார். ஓடிட்டேதான் இருப்பார்" என்றார் அமலி. "யாராவது கூப்பிட்டு நிக்கச் சொன்னாத்தான் உண்டு."

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இடது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தோல் சாக்குப் போலச் சொரசொரப்பாக இருந்தது.

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நான் சிரிச்சேன்" என்றார். "சத்தமாவே சிரிச்சேன். உங்க வீட்டுக் கொல்லையில, தண்ணித் தொட்டிகிட்ட நின்னு. உன் தம்பி பார்த்தான். வேணும்னா கேட்டுப் பாரு."

உன் தம்பி என்றார். இரண்டு பேருமே அதைக் கவனிக்காதது போல் இருந்தோம்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"உள்ள நீ சரின்னு சொன்னது ஜன்னல் வழியாக் கேட்டுது."

அலமாரி மேல் அமலியின் போன் அடித்தது. திரையில் சேவியரின் படம் வந்தது. அமலி என்னைப் பார்த்தார். எடுத்தால் சேவியர் நின்று பேசுவார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அமலி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை எடுக்காமல், அப்பளத் தட்டோடு எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"சீக்கிரம்" என்றேன் என் கணவரிடம். முதல் தடவையாக 'ங்க' போடவில்லை. "அப்புறம்?"

அவர் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான் ஒரு கையால் நாரை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"அப்புறம்?" என்றேன். "அப்புறம்?"