அம்மாவின் ரத்தம் ஏறிய ஆறு வாரம்

அம்மாவின் முட்டியை மாற்ற நாள் குறித்தாயிற்று. மேலாளரிடம் மல்லுக்கட்டிப் பத்து நாள் விடுப்பும் வாங்கியாயிற்று. அம்மாவின் ரத்த அளவு எட்டுப் புள்ளி ஆறுதான் என்றதும், ரத்தம் கொடுக்க நாலு பேரையும் சேர்த்துவிட்டேன். அப்படியிருக்க, மயக்க மருந்து டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "இப்ப வேண்டாம், தள்ளி வைப்போம்" என்றார்.

"ஆள் தயாரா இருக்காங்க டாக்டர். ரத்தத்தை ஏத்திட்டுச் செய்ய வேண்டியதுதானே?"

"அடுத்தவங்க ரத்தம் ஏத்துறதுலயும் ஆபத்து இருக்கும்மா. இவங்க ரத்தத்தையே கூட்டிட்டு வரலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி ஆலையில் இருபது வருஷம் நின்றபடியே இஸ்திரி போட்டு என்னைப் பட்டதாரி ஆக்கியவள் அம்மா. இப்போது நாலு படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறாள். எங்களைப் போன்றவர்கள்தான் எப்போதும் காத்திருக்க வேண்டுமா என்று வெளியே இருந்த நர்ஸிடம் கத்தினேன்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மருந்துச் சீட்டைப் பார்த்தபடி அம்மாவிடம் திரும்பினாள்.

"மூணு மாசமா இரும்பு மாத்திரை போடுறீங்களே, எப்படிப் போடுறீங்க?"

"ஒருநாள் தவறினதில்ல கண்ணு. டீ நேரத்துல, சூடா டீயை ஊத்தி முழுங்கிடுவேன்."

"டீயோடயா? அது இரும்பை உடம்புல சேரவே விடாதே! நீங்க பாக்கலையா?" என்றாள் என்னிடம்.

மாத்திரை தீர்ந்ததா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"டீயைக் குறை சொல்லாதீங்க. என்னை நிக்க வச்சதே அதுதான்" என்றாள் அம்மா.

வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று சோதித்தார்கள், இல்லை. பிறகு இரும்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக இரண்டு தடவை நரம்பிலேயே ஏற்றினார்கள். ஆறாவது வாரம் ரத்த அளவு பன்னிரண்டு புள்ளி இரண்டு. அறுவை சிகிச்சையின்போது ரத்தக்கசிவைக் குறைக்க ஓர் ஊசி. ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றவில்லை.

மூன்றாம் நாள், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி அம்மா வராந்தாக் கடைசிவரை போய்த் திரும்பினாள். மூச்சு வாங்கவில்லை. "அடுத்த முட்டிக்கும் நாள் பாருடி" என்றாள்.

நர்ஸிடம் போனேன். நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

"அன்னைக்கு நீங்க கேக்கலைன்னா அவங்க இன்னும் டீயோடதான் முழுங்கிட்டு இருப்பாங்க! ரொம்ப நன்றி!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"இதையும் சண்டை போட்டுத்தான் சொல்லணுமா?" என்று சிரித்தாள் அவள்.