இடது கை வீச்சு

தொகுஜி வண்டியின் பின்கதவை மூடக்கூட இல்லை, கேட்டுவிட்டான். பனிக்காலம் முடிந்ததும் இருவர் பெயரையும் கணவன் மனைவியாக ஊராட்சியில் பதிந்துகொள்ளலாமா என்று. மினே அப்போது தூண்டில் நரம்பின் நுனியில் முள்ளைக் கட்டி, மிச்சத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கணவனின் தம்பி. அவள் நடத்தும் விடுதியில் விறகு உடைப்பதும், கூரையில் பனி தள்ளுவதும், விருந்தினரை ரயிலடியிலிருந்து கூட்டிவருவதும் அவன்தான். கேட்டது தப்பு என்று சொல்ல முடியாது. சரி என்றும் அவள் வாயில் வரவில்லை. கடித்த நரம்பைத் துப்பிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்பாக ஓடையில் இறங்கிவிட்டாள். எப்போதும் அவன்தான் முன்னால் போவான்.

அன்று மாலை விருந்தினர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு இவானா மீனாவது குச்சியில் குத்தி அடுப்புக் கனலோரம் நிற்கவேண்டும். அந்த ஓடை சில இடங்களில் தாண்டிக் குதிக்கிற அகலம்தான். மேலே மரக்கிளைகள் கைகோத்துக் கிடக்கும். சக்கரம் வைத்த தூண்டிலோடு நகரத்திலிருந்து வருபவர்கள் பாதி நாளைக் கிளையில் சிக்கிய நரம்பை எடுப்பதிலேயே கழிப்பார்கள். தெங்காரா என்கிற மலையோடைத் தூண்டிலில் சக்கரமே கிடையாது. கோல், அதன் நுனியில் கட்டிய நரம்பு, கோழி இறகு சுற்றிய ஒரு முள், அவ்வளவுதான். ஒரு கை வீசும், இன்னொரு கை பாறையைப் பிடித்துக்கொள்ளும். முகம் கழுவுகிற பாத்திரம் அளவுக் குட்டையிலும் இறகை நிறுத்தி வைக்கலாம். நரம்பு தண்ணீரில் படாமல் முள் மட்டும் தொட்டு நிற்கும். எட்டுகிற தூரத்துக்கு மேல் ஒரு சாண்கூடப் போகாது. மீன் இழுத்தாலும் விட்டுக்கொடுக்க நரம்பு கிடையாது.

அவள் கணவன் யசுகே அப்படித்தான் பிடித்தான், இடது கையால். மூன்று வருடத்துக்கு முன் இதே ஓடையின் வெள்ளம் அவனைக் கொண்டுபோனது.

இரண்டாவது வளைவைத் தாண்டும்போது மூடுபனி இறங்கியது. மூன்று மீன் பையில் இருந்தன. நாணல் புதருக்கு மேலே ஒரு கோல் எழுவதும் விழுவதும் தெரிந்தது. காட்டுப்பாதை வழியாகத் தொகுஜி முந்திவிட்டான் என்று நினைத்தாள். பேசாமல் போனவளை இப்படி முந்திக்கொண்டு போகிறானே என்று கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அவன் விட்டுவைத்த குட்டைகளில் வீசிக்கொண்டே பின்னால் ஏறினாள். ஆனால் எந்தக் குட்டையும் கலங்கியிருக்கவில்லை. கற்களில் ஈரக் காலடி இல்லை. நின்று கேட்டாள். கரடி கிட்டே வராமலிருக்க இடுப்பில் கட்டுகிற மணி அவளுடையது ஒன்று ஒலித்து அடங்கியது. இன்னொன்று கேட்டது, வெகு கீழே, அவளுக்குப் பின்னால்.

முன்னால் மணியே இல்லை.

கோல் மறுபடி எழுந்தது. தொகுஜி முள்ளைத் தண்ணீரில் அடிப்பது போல வீசுவான். இது உச்சியில் ஒரு நொடி நின்று, பிறகு யோசித்ததுபோல இறங்கியது. பாறையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, இடது கையால் வீசுகிறவனின் வீச்சு. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் திரும்பவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கால்கள், வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதுபோல, தாமே நடந்தன.

ஓடை இரண்டு பாறைச்சுவருக்கு நடுவே குறுகுகிற இடத்துக்கு வந்தபோதுதான் மண் வாசனை அடித்தது. பிறகு இலைகள் வந்தன, கொத்துக் கொத்தாக. மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. அவள் சுவரோரத் திட்டு ஒன்றில் தாவி ஏறுவதற்குள் தண்ணீர் பழுப்பாகி முழங்காலுக்கு வந்தது. மேலே ஏறப் பிடி இல்லை. எதிர்க்கரையில் தொகுஜி ஓடிவந்து நின்றான். வாய் அசைந்தது, இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைச் சுருட்டி எறிந்தான். அது பாதியிலேயே தண்ணீரில் விழுந்து இழுபட்டது. இன்னொரு தடவையும் அப்படியே. பிறகு அவன் கோலை நீட்டி, நரம்பை அவள் பக்கம் வீசினான்.

அவள் கையை விரித்துப் பிடித்தாள். இறகு வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. அதே நேரத்தில் இடது தோளில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. ஓடையின் மேல்பக்கத்திலிருந்து, மூடுபனிக்குள்ளிருந்து வந்த நரம்பு. அது இழுக்கவில்லை. நனைந்த இறகு அவள் கழுத்தருகே மெல்ல அசைந்தது, அவ்வளவுதான். மினே அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீர் இடுப்பைத் தொட்டது. உள்ளங்கையில் இருந்ததை முள் சதையில் ஏறும்படி இறுக்கி மூடினாள்.

தொகுஜி கோல்நுனியிலிருந்து நரம்பை உருவிக் கயிற்றின் தலையோடு முடிந்தான். அவள் நரம்பை இழுக்க, கயிறு வந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவன் மறுமுனையை ஒரு மரத்தைச் சுற்றிப் போட்டு, பழுப்புத் தண்ணீருக்குள்ளாக அவளை இழுத்துக் கரையேற்றினான்.

வெகுநேரம் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்து, முள்ளை முன்பக்கமாகத் தள்ளி எடுத்தான்.

"முன்னாடி ஒரு ஆள் போய்ட்டிருந்தாரு, தொகு" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"நீ பாத்தியா?"

"ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன். இலை பழுக்க ஆரம்பிச்சா அண்ணன் வந்துருவான்." முள்ளைத் தொப்பியில் குத்திவைத்தான். "அதான் உங்கள முன்னால விடுறதே இல்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க தினமும் வருவீங்க."

அவள் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

பிடித்த மீன் பையோடு வெள்ளத்தில் போயிருந்தது. அன்று விருந்தினருக்குக் காளானும் பக்வீட் தானியச் சேமியாவும்தான் கிடைத்தன. மீன் இல்லாததற்கு மினே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள், கட்டுப்போட்ட கையை மேலங்கியின் கைக்குள் மறைத்துக்கொண்டு. காலையில் கேட்டதைத் தொகுஜி மறுபடி எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை வெள்ளம் வடிந்திருந்தது. பாலத்தில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்க இருவரும் போனார்கள். தண்ணீர் தெளிந்து, அடிக்கல் வரை தெரிந்தது. பாலத்துக்கு நேர் கீழே இருந்த குட்டையில் சின்னதாக ஒரு வளையம் விரிந்தது. மீன் எழும்பிய வளையம் இல்லை, மேலிருந்து ஏதோ தொட்ட வளையம். அது கரையைத் தொடுவதற்குள் அதே இடத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்த மேல்குட்டையில், பாறையின் இடது ஓரத்தில், ஒரு வளையம். தொகுஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மினே கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வளையங்கள் குட்டை குட்டையாக மேலேறி, செம்மையேறிய மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தன.