நீலக் கரைப் பை

ஏரிச் சேற்றுக்கு என்று ஒரு நாற்றம் உண்டு. அழுகிய முட்டையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அந்த நாற்றத்தோடு ஆயுளில் பாதியைக் கழித்தவர் சேற்று மேடம். ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தப் பெயரை முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். இப்போது அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் வீட்டோடு கிடந்தவர், அன்று மாலைதான் சேறு சேமிக்கும் குளிர் அறையின் கனத்த கதவை மறுபடி திறந்தார். காலை உள்ளே வைத்ததும் மூக்கைச் சுளித்தார்.

இது சேறு இல்லை.

மறுநாள் காலை நிறுவனத்தில் பெரிய கூட்டம். செய்தித்தாள்களில் ஏற்கெனவே வந்துவிட்ட ஒரு கண்டுபிடிப்பை அவருடைய தம்பி மகன் முறைப்படி உலகத்துக்கு அறிவிக்கப் போகிறான். மலை ஏரியின் அடியில் நீண்ட குழாயை இறக்கி எடுத்த சேற்றில், பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் அடுக்கில், ஆட்டின் மரபணு கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் அந்த மலையில் ஆடு வளர்த்தவர்களே கிடையாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மேல் அடுக்கிலும் ஆடு இல்லை, கீழ் அடுக்கிலும் இல்லை. நடுவில் ஒரு விரற்கடை அளவில் மட்டும் மந்தை மந்தையாக ஆடு.

"வந்திருக்காங்க அத்தை, கொஞ்ச நாள் தங்கியிருக்காங்க, கிளம்பிப் போயிட்டாங்க" என்று போனில் அவன் துள்ளியபோது அவருக்கும் நெஞ்சு நிறைந்தது. அந்த ஏரியில் முதன்முதலில் குழாய் இறக்கியவர் அவருடைய அப்பா. அப்பாவுக்குப் பிறகு இவர். நிறுவனத்தின் இன்றைய தலைவர் இவர் தம்பி. 'குடும்பக் கடை' என்று ஊர் சிரித்தாலும், அந்தக் கடையிலிருந்து போன சரக்கில் தப்பென்று ஒரு வரியைக்கூட இதுவரை திரும்ப வாங்கியதில்லை. அந்தப் பெருமையில்தான் அவர் முதுகு இந்த வயதிலும் வளையாமல் நின்றது.

மேடையில் காட்டுவதற்காக அந்தச் சேற்றுக் குழாயை எடுக்கத்தான் வந்திருந்தார். நீளவாக்கில் பிளந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய குழாய்கள் தட்டுகளில் வரிசையாகக் கிடந்தன. அவருடைய மூக்கு அவரை மூலைக்கு இழுத்துப் போனது. மேல் தட்டில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு துணிப்பை. அடிப்பக்கம் கறுத்து, தட்டோடு ஒட்டிப்போயிருந்தது. கைத்தடியால் நெம்பினார். பை பிசுபிசுவென்று பிரிந்து வந்தது. உள்ளே பச்சையும் கறுப்புமாய் ஏதோ குழம்பிக் கிடந்தது. நடுவே ஒரு தொடை எலும்பு. பையிலிருந்து வழிந்த செம்பழுப்புக் கோடு தட்டின் விளிம்பில் இறங்கி, கீழே இருந்த ஒரே ஒரு குழாயின் நடுவில், கிழிந்த தாள் வழியாகச் சேற்றில் ஊறிப்போயிருந்தது. எந்தக் குழாய் என்று சீட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பையின் வாயில் நீலக் கரை. தம்பி மனைவி ஜன்னல் திரை தைத்து மிஞ்சிய துணியில் தைத்த பை.

தம்பி மகனை அங்கேயே வரவழைத்தார். வந்தவன் பையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா கல்யாணத்துக்கு வாங்கின ஆட்டுக்கறி அத்தை. வீட்டு ஃப்ரிட்ஜ்ல இடமில்லைன்னு அப்பா இங்க கொண்டாந்து வெக்கச் சொன்னாரு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனேன்னுதான் நெனச்சேன்."

"இந்தச் சேத்துல மேல் தோலைச் சீவிட்டுத்தானே மாதிரி எடுத்தே?"

"ஈரமா இருந்துச்சு. தொடைச்சுட்டு எடுத்தேன்."

"என்ன ஈரம்னு கேக்கத் தோணலையா?"

"சேறு ஈரமாத்தானே அத்தை இருக்கும்."

"செவப்பாவா இருக்கும், மருமகனே?"

அவன் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் செய்தவனுடைய மௌனம் வேறு, தெரிந்தும் துடைத்தவனுடைய மௌனம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கு நுண்ணோக்கி வேண்டியிருக்கவில்லை.

"வந்தாங்களாம், தங்கினாங்களாம், போனாங்களாம். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்களைத்தான்டா நீ கண்டுபிடிச்சிருக்கே."

அவன் போன் பண்ணியதும் தலைவர் ஓடி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார்.

"அக்கா, கத்தாதே. நாலு பேர் காதுல விழும்."

"நான் கத்தலைப்பா. இந்த நாத்தம்தான் கத்துது."

"இப்ப என்ன பண்ணணுங்கறே?"

"தப்பு நடந்துபோச்சு, கண்டுபிடிப்பைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு நாளைக்குச் சபையில சொல்லு. நீ சொல்லலேன்னா இந்தப் பையைத் தூக்கிட்டு நானே மேடை ஏறுவேன்."

தம்பி தலையசைத்தார். "சொல்றேன்க்கா. நீ பேசாம வீட்டுக்குப் போய்ப் படு."

என்ன இருந்தாலும் அப்பா பிள்ளை என்று ஒரு நிமிஷம் அவருக்கு மனசு ஆறியது. வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். சாப்பாட்டை வாயருகே கொண்டுபோனதும் நாற்றம் விரலிலிருந்து எழுந்தது. தட்டை நகர்த்திவிட்டார்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கண்டுபிடிப்பைத் திரும்பப் பெறுவதாகத் தழுதழுத்த குரலில் அறிவித்தார். "உண்மைக்கு முன்னால் புகழ் எங்களுக்கு ஒரு பொருட்டல்ல" என்றார். கைதட்டல். சேற்று மேடத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"குளிர் அறையைச் சுத்தம் செய்யும் பெண்மணி" என்று தலைவர் தொடர்ந்தார், "தன் வீட்டு இறைச்சியை அங்கே வைத்திருக்கிறார். அறியாமைதான். இருந்தாலும் அவரை இன்று காலையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம்."

அரங்கு ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டியது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை. முதல் வரிசையில் தம்பி மகன் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா பட்டும் படாமலும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் பையைக் கண்டபோது வராத குமட்டல் இப்போது அவர் தொண்டை வரை வந்தது. அழுகிய கறியாவது நான் கறி என்று சொல்லிக்கொண்டு நாறியது. இது சந்தனம் பூசிக்கொண்டு நாறியது. கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"அந்தப் பை எங்க வீட்டுப் பை."

மைக் இல்லை. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது.

"என் தம்பி மக கல்யாணத்துக்கு வாங்கின கறி. வெக்கச் சொன்னது தலைவர். வெச்சது என் மருமகன். வழிஞ்சதைத் தொடைச்சுட்டு ஆராய்ச்சி பண்ணினதும் அவன்தான். பையைத் தைச்சது இதோ உக்காந்திருக்காங்களே, இவங்க. பையோட வாயில நீலக் கரை இருக்கும். சந்தேகம் இருந்தா அவங்க வீட்டு ஜன்னலைப் போய்ப் பாருங்க, அதே துணிதான் தொங்குது."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நடுப்பாதை வழியாக, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

தாழ்வாரத்தில் தம்பி மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். "குடும்ப மானத்தை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களே அண்ணி. நமக்குள்ள பேசியிருக்கலாமே."

"நமக்குள்ள வெச்சிருந்துதாம்மா அது அழுகிப்போச்சு. அந்தப் பொண்ணுக்கு உன் புருஷனை போன் பண்ணச் சொல்லு. மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொல்லட்டும். இன்னிக்கு வேணாம், நாளைக்கு."

"ஏன், இன்னிக்கு என்ன?"

"இன்னிக்கு வந்தா அந்த அறையை அவ தலையிலதான் கட்டுவீங்க."

மதியம் குளிர் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, அறுவைச் சிகிச்சை செய்த காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளே தலைவரும் அவர் மகனும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தட்டுமா என்று தம்பி இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றார் அக்கா. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

"போதுமா அத்தை?" என்றான் உள்ளேயிருந்து.

அவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"மூலையில இன்னும் இருக்கு. தேய்."