பெட்சி ரூத் ஹார்லன்

கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் ஹார்லன் ஸ்ப்ரவுல் ஒன்றுமே நடக்காதவர் போல விடிவதற்கு முன்பே படகை எடுத்துக்கொண்டு போய், சிங்கி இறால் கூண்டுகளை இழுத்துவிட்டு வந்தார். அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தீவில் ஆண்கள் பயத்தை வெளியே காட்டும் வழக்கம் கிடையாது. பன்னிரண்டாம் நாள் காலை அந்த மின்னஞ்சல் வந்தது. அவர் படகுக்குப் போகவில்லை.

"அன்புள்ள ஹார்லன் ஸ்ப்ரவுல், உங்கள் பரிசோதனை முடிவு கவலைக்குரியது. உடனே கீழே அழுத்தி, உங்கள் விவரங்களைக் கொடுத்து, முழு அறிக்கையைப் பெறுங்கள்."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனம் மட்டும் கல்லறைத் தோட்டம் வரை போய்த் திரும்பியது.

"வெர்னா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "வந்துருச்சு."

வெர்னா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். முதல் வரியைத் தாண்டவில்லை.

"இது யாருக்கு வந்திருக்கு?"

"எனக்குத்தான். பேர் போட்டிருக்கே, கண்ணு தெரியலயா?"

"அதைத்தான் கேக்கறேன். ராபர்ட்டா உன்னை என்னிக்கு இப்படிக் கூப்பிட்டிருக்கா?"

தீவில் ஹார்லன் ஸ்ப்ரவுல்கள் மூன்று பேர். மூவருக்கும் ஒரே தாத்தாவின் பெயர். ஒருமுறை ஒரு ஹார்லனின் மூலநோய் மாத்திரை இன்னொரு ஹார்லன் வீட்டுக்குப் போய், அது கடைத்தெருவரை சிரிப்பாய்ச் சிரித்து, இரண்டு குடும்பமும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து மருத்துவமனைச் செவிலி ராபர்ட்டா, அவரவர் படகின் பெயரைச் சேர்க்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

"அவசரத்துல மறந்திருப்பா."

"அவளா? கிறிஸ்துமஸ் வாழ்த்துலயே படகு பேரைப் போடறவ. அதுலேருந்து கைய எடு மனுஷா."

வெர்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். ராபர்ட்டாவின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"காலையிலேருந்து ஊரே கூப்பிடுது. எல்லாருக்கும் அதே திருட்டுக் கடுதாசிதான் போயிருக்கு. சோதனையே பண்ணாதவங்களுக்கும். ஹார்லனோட முடிவை நான் நேத்து சாயங்காலமே அனுப்பிட்டேனே. குப்பையில விழுந்திருக்கும், பாருங்க. படகு பேரைப் பாத்தா கம்ப்யூட்டருக்கு சந்தேகம் வந்துடுது."

ஹார்லன் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்தார். பரிசுச் சீட்டு விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது அது.

"பெட்சி ரூத் ஹார்லனுக்கு, அது வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. இனியாவது தூங்குங்கள். ராபர்ட்டா."

மூன்று முறை படித்தார். போன உயிர் திரும்பி வந்தது. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குக் கொழுப்புன்னு முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். அதை ஊசி குத்தித்தான் கண்டுபிடிக்கணுமா?"

பத்து மணிக்கு ஹார்லன் துறைக்குப் போனார். படகின் பின்புறம் முழுக்கக் கடற்பறவைகளின் எச்சம். பெயரே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை. கூண்டுகள் காத்திருக்கட்டும் என்று ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, 'பெட்சி ரூத்' என்பதை ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்துக் கழுவினார்.