கடற்கரை பின்வாங்கிய நாள்

எஸ்பென் நல்லவன்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவனை விட்டுப் பிரிந்துபோன கமிலாவுக்கே இல்லை. ஆனால் நல்லவர்கள் எல்லோருக்கும் சும்மா இருக்கத் தெரியும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? ஃபானோ தீவில் கோடை வீடு எடுத்து, மகள் ரூனாவோடு வந்து இறங்கியதிலிருந்து அவன் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. விடிந்தால் பட்டம். பட்டத்தைச் சுருட்டியதும் கரையோரம் அலை ஒதுக்கும் அம்பர் கல் தேடும் நடை. மத்தியானம் குதிரைக்குட்டிச் சவாரி. சாயங்காலம் எலுமிச்சையும் சர்க்கரையும் போட்ட குளிர்ந்த மோரில் மொறுமொறு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஒரே உபசாரம். எட்டு வயதுப் பிள்ளை, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவைப்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் அவனுக்கு வேலை. போனால் வாரக்கணக்கில் கரையைப் பார்க்க முடியாது. ரூனா தவழ்ந்தது, நடந்தது, முதல் பல் விழுந்தது எல்லாவற்றையும் அவன் போனில்தான் பார்த்தான். கமிலா பிரிந்து ஆர்ஹுஸ் நகரத்துக்குப் போன பிறகு அதுவும் குறைந்துபோனது. அப்பாவும் மகளுமாக ஒரே கூரையின் கீழ் இத்தனை நாள் இருப்பது இதுதான் முதல் தடவை. படகுத்துறையில் ரூனாவை ஒப்படைக்கும்போதே கமிலா பட்டென்று சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை போன்ல அவளையே கேப்பேன். இருக்கேன்னா இருக்கட்டும். வரேன்னா ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீ மல்லுக்கு நிக்கக் கூடாது. அடுத்த வருஷம் லீவுக்கு வர்றதும் அவ இஷ்டம்தான்."

"சரி" என்றான் எஸ்பென். வேறென்ன சொல்வான்?

தினமும் சாயங்காலம் கமிலாவின் போன் வரும். ரூனா பேசுவாள். எஸ்பென் பக்கத்திலேயே நின்றுகொண்டு, துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைப்பான். காது மட்டும் போனில் இருக்கும். "ம்." "நல்லாருக்கு." "சாப்ட்டேன்." இவ்வளவுதான் பிள்ளையின் பேச்சு. இதை வைத்து அவள் இருப்பாளா போவாளா என்று கண்டுபிடிக்கப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

அன்று காலை எல்லோரையும்போல அவனும் காரை மணலிலேயே ஓட்டிக்கொண்டு போய், தண்ணீருக்குக் கூப்பிடு தூரத்தில் நிறுத்தினான். இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காருக்கும் முன்னால் காற்றை மறைக்க ஒரு துணித்தட்டி, மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காபி, கட்டிப்போட்ட ஒரு நாய். எஸ்பென் பட்டத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. பசித்த கைக்குழந்தை சிணுங்குவதைப் போன்ற குரல்.

தண்ணீர் வடிந்த ஈர மணலில், சாம்பல் நிறத்தில், ஒரு கடல்நாய்க் குட்டி படுத்திருந்தது. உருண்டைத் தலை. ஈரக் கறுப்புக் கண்கள்.

எஸ்பெனுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிக் குதிரையால் ஆகாததை இந்தக் குட்டி செய்துவிடும் என்று நினைத்தான். "ரூனா, ஓடி வா" என்று கூப்பிட்டான். ரூனா ஓடிவந்தாள். வந்தவளின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், மிச்சமிருந்த புத்தியும் அவனை விட்டுப் போனது. கடல்நாய்க் குட்டி கரையில் கிடந்தால் கிட்டே போகக் கூடாது என்பது அந்தக் கரையில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். மணலுக்கு இறங்கும் வழியில் எச்சரிக்கைப் பலகையே நட்டு வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் கோடை தவறாமல் அங்கே வந்தவன்தான் அவன். ஆனால் மகளின் சிரிப்பைப் பார்க்கக் காத்துக் கிடந்தவனுக்குப் பலகையா கண்ணில் படும்? வாளியில் தண்ணீர் மொண்டுவந்து குட்டியின் மேல் ஊற்றினான். துண்டை நனைத்துக் கொடுத்தான். ரூனா அதைக் குட்டியின் முதுகில் மெல்லப் போர்த்தினாள். குட்டி இன்னும் கத்தியது. அவர்கள் இன்னும் ஊற்றினார்கள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

பக்கத்துக் காரிலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். பெயர் போடில். தீவுக்காரி. மூன்று பையன்களை மேய்க்கிறவள், அதனால் குரலில் எப்போதும் கொஞ்சம் அதட்டல் இருக்கும்.

"பாவம், காஞ்சு கெடந்துது. அதான் தண்ணி ஊத்தினோம்" என்றான் எஸ்பென்.

"தண்ணி இல்லாமயா கெடக்கு? பின்னாடி ஒரு கடலே கெடக்குதே, கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் போடில். பிறகு குரலைத் தணித்து, "துண்டை எடும்மா. மெதுவா. இப்போ ரெண்டு பேரும் திரும்பிப் பாக்காம என்கூட வாங்க" என்றாள்.

கார் அருகே வந்ததும் அவள் வனக்காவலருக்குப் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு ரூனாவைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"தாய் கடல்லதான் எங்கேயாவது நிக்குமாம். ஆள் இருந்தா கிட்ட வராது. சாயங்காலம் தண்ணி ஏறி முடியற வரைக்கும் பாப்பாங்களாம்."

"வரலேன்னா?" என்றாள் ரூனா.

போடில் பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "வரலேன்னா சுட்டுருவாங்க, கண்ணு. பட்டினி கெடந்து சாகறதுக்கு அது மேல்."

ரூனா அப்பாவைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அவனை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குட்டி செத்தால் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். அதோடு, இந்த மணலையும் அப்பாவையும் சேர்த்து ஆயுசுக்கும் மறக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோனது.

"காரை எடுங்க" என்றாள் போடில்.

எஸ்பென் காரைப் பின்னுக்கு எடுத்தான். போடிலும் எடுத்தாள். அவள் கையைத் தூக்கி அடுத்த காருக்கு ஏதோ சைகை காட்டினாள். அந்தக் கார்க்காரர் குட்டி கிடந்த பக்கம் பார்த்தார், நாற்காலியை மடக்கினார். அவர் அடுத்தவருக்குக் காட்டினார். அப்புறம் நடந்ததை எஸ்பென் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை துணித்தட்டிகள் ஒவ்வொன்றாக மணலிலிருந்து பிடுங்கப்பட்டன. பாதி கட்டிய மணல் கோட்டைகளைப் பிள்ளைகள் முணுமுணுக்காமல் விட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருவரும் யாரையும் அதட்டவில்லை. ஹாரன் சத்தம் இல்லை. கார்கள் ஊர்ந்து ஊர்ந்து மணல்மேட்டின் அடிவரைக்கும் போய் வரிசையாக நின்றன. விடுமுறையில் அபூர்வமாகக் கிடைத்த வெயில் நாளை, ஒரு குட்டிக்காக இத்தனை பேர் விட்டுக் கொடுத்தார்கள்.

எதிரே கரை காலியாகக் கிடந்தது. அத்தனை பெரிய வெறுமையை அவன் கடல் நடுவிலும் பார்த்ததில்லை. மணல், அதற்கு அப்பால் மினுங்கும் ஒரு கோடாகக் கடல், மற்றதெல்லாம் வானம். நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. காற்று திரும்பும்போதெல்லாம் அந்தப் புள்ளி கத்துவது கேட்டது.

அவன் பழக்க தோஷத்தில் ரூனாவின் பக்கம் சாய்ந்து, "ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரட்டுமா?" என்றான்.

"வேணாம்."

"போர்வை?"

"அப்பா, பேசாம இரேன்."

பேசாமல் இருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போடில் கொண்டுவந்த இலவங்கப்பட்டை ரொட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒரே தொலைநோக்கிக் கண்ணாடி கார் காராகச் சுற்றியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. குட்டியின் கத்தல் இடைவெளி விட்டு விட்டு வந்து, பிறகு நின்றேபோனது. ரூனா முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டாள். மணல்மேட்டின் வழியாக வனக்காவலரின் வண்டி வந்து ஓரமாக நின்றது. அவர் இறங்கவில்லை. எல்லோரும் அந்த வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி கடலைப் பார்த்தார்கள்.

"அங்க" என்றாள் ரூனா, மூச்சுக்காற்றாக.

முதல் அலைக்கு அப்பால் ஒரு கறுப்புத் தலை. எழுந்தது, பார்த்தது, மூழ்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடி எழுந்தது. அந்தக் கண்கள் குட்டியைப் பார்க்கவில்லை, மணல்மேட்டைத்தான் பார்த்தன. வரிசையாக நின்ற ஒவ்வொரு காரையும், ஒவ்வொரு மனிதரையும் அளந்து பார்த்தன. ஒரு குழந்தைகூட இருமவில்லை. மூன்றாம் தடவை தலை எழுந்தபோது அது கரையருகே இருந்தது. பாரமான உடம்பு, ஆழமில்லாத தண்ணீரில் வயிற்றால் உந்தி உந்தி ஏறி வந்தது. பாதியில் நின்றது. திரும்பிவிடும் என்று எஸ்பென் நினைத்தான். அது திரும்பவில்லை. செத்ததுபோல் கிடந்த புள்ளி விசுக்கென்று தலையைத் தூக்கியது. மூக்கும் மூக்கும் தொட்டுக்கொண்டன. துண்டு போர்த்தியிருந்த முதுகைத் தாய் நெடுநேரம் முகர்ந்தது. மனித வாசனையும் அதில் இருந்திருக்கும். இருந்தும் அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துப் பால் கொடுத்தது. ஏறிவந்த தண்ணீர் இரண்டையும் நனைத்தது. கொஞ்ச நேரத்தில் மணலில் எதுவும் இல்லை.

யாரும் கைதட்டவில்லை. கோயிலில் தீபம் காட்டி முடிந்த மறுகணம் கூட்டம் நிற்குமே, அப்படி நின்றார்கள். காவலர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். போடிலின் சின்ன மகன் அழுதான். போடில் அதட்டவில்லை, அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

"காலைலேந்து அது அங்கதான் இருந்திருக்கு, இல்லப்பா?" என்றாள் ரூனா. "நாம கிட்ட நின்னதாலதான் வர முடியல."

"ஆமா" என்றான் எஸ்பென். குட்டியின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதும், இந்தப் பிள்ளையின் மேல் வாரம் முழுக்கப் பட்டமும் குதிரையும் மோரும் ஊற்றியதும் ஒன்றுதான் என்று அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இத்தனை பேரால் இவ்வளவு அழகாகத் தள்ளி நிற்க முடிகிறதே என்று மலைப்பாக இருந்தது.

சாயங்காலம் வெயில் தணியாமலே இருந்தது. கமிலாவின் போன் வந்ததும் எஸ்பென் அதை ரூனாவின் கையில் கொடுத்தான். தட்டை எடுக்கவில்லை. வாசற்கதவைத் திறந்து வெளியே போனான். முற்றத்தில் நின்றால் குரல் கேட்டது. அதனால் இன்னும் நடந்தான். மணல்மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கி, காற்றைத் தவிர எதுவும் கேட்காத இடத்தில் புல் மேல் உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருப்பது அவன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலையாக இருந்தது.

நெடுநேரம் கழித்துப் புல் சரசரத்தது. ரூனா வந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன பேசினேன்னு கேக்கலியே."

"கேக்கல."

"கேக்க மாட்டியா?"

"நீ சொன்னா கேட்டுக்கறேன்."

அவள் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு அம்மா கேட்டா. வராதேன்னு சொன்னேன்."

எஸ்பென் அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கு அம்மாவப் பாக்கணும்போலத்தான் இருக்கு. அவ வந்தா நானும் கூடவே போயிடுவேன்" என்றாள் ரூனா. "அதான், கொஞ்சம் தள்ளியே இரும்மான்னு சொன்னேன்."

அவளை அள்ளி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள அவனுக்குக் கை துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.