பத்துக்கு ஆறு

என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். எனக்கோ காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். அதுவும் செருப்பைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டால்தான். பெற்றவள் நான், விருந்தாளி மாதிரி வந்து போகிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தொப்பியும் முகமூடியும் போட்டுவிட்டால் அந்த ஐ.சி.யு.வில் எல்லா நர்ஸும் ஒரே அச்சுதான். இவளுக்கு மட்டும் இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். நானும் என் கணவரும் அவளுக்கு மச்சக்காரி என்று பெயர் வைத்தோம். அவர் மச்சத்தைப் பார்த்து வைத்தார். நான் அவள் அதிர்ஷ்டத்தைப் பார்த்து வைத்தேன்.

பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத உடம்பு, நெஞ்சைத் திறந்து அடைத்திருந்தார்கள். வாயில் குழாய், குழாயின் மறுமுனையில் அவனுக்காக மூச்சு விடும் மிஷின். வலி தெரியாமல் இருக்கவும் குழாயோடு மல்லுக்கட்டாமல் இருக்கவும் மயக்க மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் கண்ணே திறக்கவில்லை. அழுதாலும் சத்தம் வராது. தொண்டையில் குழாய் இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? முகம் மட்டும்தான் அழும்.

அந்த முகத்தைத்தான் மச்சக்காரி குனிந்து குனிந்து பார்ப்பாள். நெற்றி சுருங்கியிருக்கிறதா, வாய் கோணுகிறதா, விரல் மடங்கியிருக்கிறதா, கால் விறைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். திரையில் ஓடும் நாடித்துடிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மார்க் சொல்வாள்.

"பூஜ்யம்."

மார்க் என்றுதான் சொல்வார்கள். "மார்க் போட்டாச்சா?", "இப்ப எத்தனை மார்க்?" என்று அந்த அறையில் நாளெல்லாம் இதே பேச்சு. எதற்கு மார்க் என்று நான் கேட்கவில்லை. போயும் போயும் அவளிடமா கேட்பது? எனக்கே விளங்கிவிட்டது. பிள்ளைக்கு எவ்வளவு சுரணை இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவரை எவ்வளவு அடையாளம் தெரிகிறது, அதற்குத்தான் மார்க் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நான் உள்ளே போய் அவன் கன்னத்தையும் கையையும் தடவித் தடவி, "தங்கம், அம்மா வந்துட்டேன் பாரு, என் ராசா இல்ல" என்று காதோரம் பேசினால் அவன் அசைவான். கால் உதறும், புருவம் நெரியும். கண்ணைத் திறக்கத்தான் பாடுபடுகிறான் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். மச்சக்காரி எட்டிப் பார்த்து, சுரத்தே இல்லாமல் "அஞ்சு" என்பாள். சில நாள் "ஆறு" என்பாள். அவள் கண் வாடுவது முகமூடிக்கு மேலேயே தெரியும். நன்றாக வாடட்டும் என்று நினைத்துக்கொள்வேன். நாள் முழுக்கப் பக்கத்திலேயே நிற்கிறவளுக்குப் பூஜ்யம், வந்து போகிற எனக்கு ஆறு. ரத்தம் என்றால் சும்மாவா?

ஒரு நாள் மாலை வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் வகுப்பில் முதல் மார்க். அதைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

"நம்ம குட்டி என்கிட்ட ஆறு மார்க் வாங்கறான் அண்ணி."

"எத்தனைக்கு ஆறு?"

"பத்துக்கு."

"அடி சக்கை! இந்த வயசுலயே ஃபர்ஸ்ட் கிளாஸா? சரி, அந்த நர்ஸம்மாகிட்ட?"

"முட்டை!"

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் நான் கட்டிலருகே இருக்கும்போதே டாக்டர் வந்துவிட்டார். மச்சக்காரியிடம், "இன்னிக்கு மயக்க மருந்தைக் குறைச்சு முழிக்க வெச்சுப் பாக்கலாம். அமைதியா முழிச்சா குழாயை எடுத்துடலாம். மார்க் நாலைத் தாண்டினா ரிஸ்க் எடுக்காதீங்க, திரும்பத் தூங்க வெச்சிடுங்க. ஆனா இப்படியே தூங்க வெச்சுக்கிட்டிருந்தா நெஞ்சுல சளி கட்டிடும். முடிஞ்சவரைக்கும் இன்னிக்கே எடுக்கப் பாருங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டும். அவங்க வர்றப்பல்லாம் ஆறுக்குப் போயிடுது," என்றார்.

"ஆறு வாங்கினா நல்லதுதானே டாக்டர்? அவனுக்கு என்னை நல்லாத் தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

டாக்டர் மச்சக்காரியைப் பார்த்தார். மச்சக்காரி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது வலிக்குப் போடற மார்க்," என்றாள். "பூஜ்யம்னா வலி இல்லாம நிம்மதியா இருக்கான்னு அர்த்தம். ஆறுன்னா ரொம்ப அவஸ்தைப்படறான்மா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, எனக்கு நோகாத மாதிரி சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் தொட்டால் என் பிள்ளைக்கு வலிக்கிறது, அவள் தொட்டால் நிம்மதியாகத் தூங்குகிறான். இத்தனை நாள் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பொறாமைப்பட்டேன். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தபோதுதான் அது உச்சந்தலைக்கு ஏறியது.

"டாக்டர், அம்மா இருக்கட்டும்," என்றாள் அவள். "தொடற விதம்தான் சரியில்ல. நான் பாத்துக்கறேன்."

என் பிள்ளையிடம் நான் நிற்க அவள் சிபாரிசு! அதையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அவன் கால்களை மடக்கி ஒரு துணியில் ஒடுக்கமாகச் சுற்றினாள். என்னைத் தலைமாட்டில் நிறுத்தினாள். "ஒரு கை உச்சந்தலையில, இன்னொரு கை தோள்ல. வெச்சா வெச்சதுதான், அசைக்கக் கூடாது. நீங்க தடவறீங்கல்ல, அது நமக்குத்தான் சுகம். இந்த நிலைமையில இருக்கற குழந்தைக்கு உலுக்கற மாதிரி இருக்கும். பேச்சும் வேண்டாம்."

தடவாமல், கொஞ்சாமல் என்ன அம்மா? ஆனாலும் சொன்னபடி வைத்தேன். அவள் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு மருந்தைக் குறைத்தாள்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு விரல் அசைந்தது. நெற்றி லேசாகச் சுருங்கியது.

"ரெண்டு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு."

'தங்கம்' என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"நாலு."

அவள் கை மருந்து மிஷினை நோக்கிப் போனது. என் கைகள் மரக்கட்டையாக அப்படியே இருந்தன. போன கை அந்தரத்திலேயே நின்றது.

"மூணு. ரெண்டாயிடுச்சு. நல்லா இருக்கும்மா, அப்படியே இருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் இப்போது கண்ணைத் திறக்கப் போகிறான். நான் தலைமாட்டில் நிற்கிறேன், அவனுக்குத் தெரியமாட்டேன். முகத்துக்கு முகம் நிற்பவள் அவள். இத்தனை வேதனைக்கப்புறம் என் பிள்ளை முதலில் பார்க்கப்போகும் முகம், புருவத்துக்கு மேல் மச்சம் வைத்த அந்த முகம். மச்சக்காரிதான், சந்தேகமே இல்லை.

"சிஸ்டர், நான் முன்னாடி வரட்டுமா?" என்றேன். குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "அவன் முழிக்கறப்ப என்னைப் பாக்கட்டும்."

அவள் யோசித்தாள். "முகத்தைப் பாத்தாத்தான் மார்க் போட முடியும், நான் நகர முடியாது. அப்பாவைக் கை வைக்கச் சொல்லிட்டு நீங்க என் பக்கத்துல வாங்க," என்றாள்.

வெளியே நின்றிருந்த என் கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். கழுவி, அங்கி மாட்டி, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி வந்தார். நான் கையை எடுக்க, அவர் கையை வைத்தார். நான் வைத்த மாதிரியே, அசைக்காமல்தான் வைத்தார்.

புருவம் நெரிந்தது. வாய் கோணித் திறந்து, சத்தமில்லாத அந்த அழுகை ஆரம்பித்தது. திரையில் நாடித்துடிப்பு விறுவிறு என்று ஏறியது.

"அஞ்சு," என்றாள் மச்சக்காரி. "அப்பா, கையை எடுங்க." அவளே எட்டித் தன் கைகளை வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எந்தத் தாயும் நினைக்கக் கூடாததை நினைத்தேன்: இவள் கைக்கு மட்டும் இறங்கிவிடாதே கண்ணே.

இறங்கவில்லை. "இன்னும் அஞ்சுதான்," என்றாள். "அம்மா, நீங்க வைங்க. சீக்கிரம்."

ஓடிப்போய் வைத்தேன். உச்சந்தலையில் ஒன்று, தோளில் ஒன்று. என் உள்ளங்கைக்குக் கீழே அந்தக் குட்டித் தலை இளகியது. வாய் மூடியது. நெற்றி விரிந்தது.

"நாலு. மூணு," என்றாள். பிறகு நிமிர்ந்து, "உங்க கைதான் வேணுமாம் துரைக்கு," என்றாள். அந்தக் குரலில் துளி பொறாமை இருந்ததா? இருந்தது என்றுதான் நான் வைத்துக்கொண்டேன்.

"பாத்தியா, ஜெயிச்சிட்ட," என்று கணவர் கிசுகிசுத்தார்.

ஜெயித்தவள் நின்ற இடம் தலைமாடு.

அவன் கண்ணைத் திறந்தான். எனக்கு இமை மட்டும்தான் தெரிந்தது, அது மேலே போய் நின்றதைப் பார்த்தேன். நேரே அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எனக்காகவோ என்னவோ சற்று ஒதுங்கினாள். அவன் தலை என் உள்ளங்கைக்குள் இம்மி திரும்பி, அவள் போன பக்கமே போனது.

கொஞ்சம் குனிந்தால் போதும், தலைகீழாகவாவது என் முகம் அவன் கண்ணில் பட்டிருக்கும். குனிந்தால் கை அசையும். குழாயை எடுக்க டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. கையை அசைக்கவில்லை.