வேலியில் தட்ட வேண்டியவன்

ஆர்னேயை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைக் கண்ணில் காட்டக் கூடாது. ஒஸ்லோவில் ஒரே ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் இருவரும் சம்பளத்துக்கு விளையாடினோம். இருவருக்கும் ஒரே வேலை. அதுதான் வில்லங்கம்.

வேலை என்றால் பவர் பிளே. எதிரணியில் ஒருவன் குழப்படி செய்தால் நடுவர் அவனை இரண்டு நிமிடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைப்பார். அந்த இரண்டு நிமிடமும் அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. அப்போது எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டில் நின்று கறுப்பு ரப்பர் வட்டைக் கோல் வலைக்கு விளாசவென்றே ஒருவனை இறக்குவார்கள். பல வருடமாக அது ஆர்னேதான். 2007 இலையுதிர் காலத்தில் பயிற்சியாளர் என்னை இறக்கினார். "எட்வேட்டின் அடி உன்னுடையதைவிட வேகம்" என்று அத்தனை பேருக்கும் முன்னால் அவனிடம் சொல்லியும் விட்டார். அந்த மனிதருக்கு வாய் சும்மா இராது.

அன்றிலிருந்து ஆர்னே என்னை 'விருந்தாளி' என்றுதான் கூப்பிட்டான். நான் ஒஸ்லோவிலேயே பிறந்த தமிழன். அவன் திராமன் என்ற வேறு ஊரிலிருந்து வந்தவன். யார் விருந்தாளி?

நீலக் கோட்டில் நிற்பவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவன்தான் கடைசி ஆள். அவனுக்குப் பின்னால் கோல் காப்பாளரைத் தவிர ஒருவரும் இல்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும் கூண்டிலிருந்து வருகிறவன் அவனுடைய முதுகுக்குப் பின்னால்தான் வந்து விழுவான். வட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கடிகாரம் பார்க்கவும் முடியாது. அதனால் எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம். முறைக்குக் காத்திருப்பவர்களின் வாங்கில், களத்துக்கு இறங்கும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நேரம் முடியப்போகும்போது மட்டையால் களத்தைச் சுற்றியுள்ள வேலிப் பலகையில் படபடவென்று தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் பின்வாங்க வேண்டும்.

பெப்ரவரியில் ஒரு போட்டி. கதவுப் பக்கத்தில் ஆர்னே. நான் கோட்டில் நின்று அடித்தேன். வட்டு ஒருவனின் காலில் பட்டுத் திரும்பி என்னைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தால் கூண்டிலிருந்து வந்தவன் அதைத் தள்ளிக்கொண்டு தனியாக ஓடுகிறான். கோல். தோற்றோம். தட்டுச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

உடைமாற்றும் அறையில் அவனை நேரே கேட்டேன்.

"ஏன் தட்டவில்லை?"

"தட்டினேன். காதைக் கழுவு, விருந்தாளி."

மற்றவர்கள் சப்பாத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் அவனை அடித்திருக்கலாம். அடிக்காததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் அக்கா அனஸ்ரேசியா பார்வையாளர் பக்கத்தில் இருந்தாள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வேலை முடித்து ஒவ்வொரு போட்டிக்கும் வருவாள். நடுவர் முதல் எல்லோரையும் தமிழில் கிழிப்பாள். வாகன நிறுத்திடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். தட்டியதாக ஆர்னே சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"அவன் மட்டையைத் தூக்கினவன்ரா. பிறகு மடியிலை வைச்சுக்கொண்டு பேசாமல் இருந்திட்டான். என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

"கத்தாதேங்கோ அக்கா. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்!"

அந்தக் கிழமையே பயிற்சியாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அடுத்த பருவத்துக்குப் பவர் பிளேக்கென்று ஒருவனைத்தான் வைத்திருப்பாராம். கடைசிப் போட்டியில் ஆர்னே கோட்டில், நான் கதவுப் பக்கத்தில். அதைப் பார்த்து முடிவு சொல்வாராம். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஐந்து வயதில் சறுக்கத் தொடங்கியவன் நான்.

"அப்ப சுகமான வேலை" என்றாள் அக்கா. "நீயும் தட்டாதை. வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறதுதானே."

"பாப்பம்" என்றேன். மனதுக்குள் எப்போதோ முடிவெடுத்துவிட்டேன். தட்டுவதில்லை.

ஞாயிறு மதியம், கடைசிப் பகுதி, ஆட்டம் சமநிலை. எதிரணியில் ஒருவன் கூண்டுக்குப் போனான். ஆர்னே கோட்டுக்குப் போனான். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் மட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நேரம் ஓடியது. கூண்டுக்குள் இருந்தவன் எழுந்து கதவில் கை வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். அடுத்த நொடி என் மடியைக் குனிந்து பார்த்தேன். அக்கா கண்டது இதைத்தானே! நல்லவனாக இருக்கும் ஆசையில் இல்லை. அந்த நாய் உட்கார்ந்த அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே என்ற ஆத்திரத்தில் மட்டையைத் தூக்கிப் பலகையில் அடித்தேன். மட்டை பிளக்கும்வரை அடித்தேன்.

ஆர்னேக்குக் கேட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்து இளித்தான். பின்வாங்கவில்லை. ஓர் அடி முன்னுக்கு வைத்து விளாசினான். வட்டு தடுக்கப்பட்டு அவனைத் தாண்டி வந்தது. கூண்டிலிருந்து வந்தவன் எடுத்துக்கொண்டு போனான். கோல்.

ஆர்னே வாங்குக்கு வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"நேரம் இருக்கும்போதே தட்டி என்னை ஏமாற்றப் பார்த்தாய்!"

"சரியான நேரத்தில்தான் தட்டினான்" என்றார் பின்னால் நின்ற பயிற்சியாளர். "உனக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"பிறகு ஏன் நின்றாய்?"

ஆர்னே என் சட்டையை விட்டான். தான் என்றால் பொய்யாகத்தான் தட்டியிருப்பேன், அதனால்தான் என் தட்டையும் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வான்?

தோற்றோம். இடம் எனக்குக் கிடைத்தது. வாகன நிறுத்திடத்தில் அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"கெட்டிக்காரன்! நல்லாக் குடுத்தாய் அவனுக்கு!"

"நான் தட்டினனான் அக்கா."

"இந்தக் கூச்சலுக்கை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. நான் அவன்ரை மூஞ்சையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"சத்தியமாத் தட்டினனான். மட்டையைப் பாருங்கோ, பிளந்து கிடக்கு."

அவள் மட்டையைப் பார்க்கவே இல்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காரின் கதவைத் திறந்தாள்.

"ஓம் ஓம். அவனும் உப்பிடித்தானே சொன்னவன்."